வலியசாலையில் ஒரு வீடியோ கால்

ரயில் பாறசாலையைத் தாண்டும்போது என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எதிர் சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைக் காட்டி, "எத்தனை பச்சை பாருங்க" என்றார். பச்சையைப் பார்க்கும் நிலைமையிலா நான் இருந்தேன்? சிக்னல் இல்லாத ஊருக்கு, சிக்னல் வாங்கிக்கொடுக்கப் போகிறவள் நான்.

விஷயம் இதுதான். என் அண்ணா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர் பெண் வைதேகிக்கு வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் நிச்சயதார்த்தம். அண்ணாவால் வர முடியாது. கம்பெனி மாறியிருக்கிறார், புது விசா கைக்கு வரும்வரை அந்த நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கக்கூடாதாம். நாளைத் தள்ளிப்போடலாமென்றால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளியாகிவிட்டது. அடுத்து ஆடி வந்து நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறுபடி போய்க் கேட்க அண்ணா மனைவிக்கு, எங்கள் மன்னிக்கு, வாய் வரவில்லை.

அண்ணா எனக்குக் குரல் பதிந்து அனுப்பியிருந்தார். "தட்டு மாத்தறதை மட்டும் எனக்குக் காட்டிடு, ராஜி. வேற ஒண்ணும் வேண்டாம்." அதைத் திருச்சியில் சமையற்கட்டில் நின்றுகொண்டு கேட்டேன். வைதேகி பிறந்தபோது அவர் அங்கே. காது குத்தும்போது அங்கே. அவள் காலேஜ் முடித்துப் பட்டம் வாங்கும்போதும் அங்கேதான். ஆயுசில் முதல்முறையாக ஒன்று கேட்கிறார், அதையும் என்னிடம் கேட்கிறார். "காட்டறேண்ணா, நானாச்சு" என்று பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் அண்ணா இருக்கும் ஊரில் வாட்ஸப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிந்து அனுப்பலாம். கால் மட்டும் பேச முடியாது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி. இத்தனை வருஷமும் அவர்கள் பேசிக்கொண்டது ஊர் பேர் தெரியாத ஏதேதோ ஆப்புகளில். ஒன்று ஆறு மாதம் ஓடும், பிறகு ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். கடைசியாக இருந்ததும் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டது. குடும்பத்தில் போனை நோண்டத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஒருதடவை சித்திக்கு காஸ் சிலிண்டர் புக் பண்ணிக்கொடுத்ததன் வினை.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை. இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, குழாயைத் திறந்தாற்போல் வரும். வீட்டுக்குப் போகும்முன் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த ஒரு மொபைல் கடைக்குள் புகுந்தேன். கடைக்காரர் வள்ளியூர்க்காரர். நான் வாயைத் திறப்பதற்குள், "கல்ஃபுக்கா அக்கா? எந்த ஸ்தலம்?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பின்னே? முகத்தை இப்படி வச்சிட்டு வாறவங்க எல்லாம் அதுக்குத்தான் வருவாங்க. இந்த மஞ்ச ஆப்பு இப்ப சூப்பரா ஓடுது. என் அளியன் இதுலதான் தினமும் விளிப்பான்."

மைத்துனரை அளியன் என்றும், கூப்பிடுவதை விளிப்பது என்றும் சொல்லும் அளவுக்கு வள்ளியூர் கரைந்துபோயிருந்தது. மஞ்சள் ஆப்பை ஏற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் பேசாமல் மீட்டரைப் போட்டார். எங்கள் திருச்சியில் ஆட்டோவில் மீட்டர் என்பது பிள்ளையார் படம் மாதிரி, பார்த்துக் கும்பிட மட்டும்தான். இங்கே அது நிஜமாகவே ஓடியதைப் பார்த்து ஒரு நிமிஷம் கவலை மறந்தேன். வலியசாலைத் தெருமுனையில் இறங்கியதும் கவலை திரும்ப வந்து சேர்ந்தது.

அக்ரஹாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, ரயில் பெட்டி மாதிரி உள்ளே நீண்டுகொண்டே போகும். வாசலில் சிக்னல் உண்டு. கொல்லையில் கிணற்றடியில் உண்டு. விசேஷம் நடக்கப்போகும் கூடத்தில் ஒரு கோடுகூட இல்லை. மன்னி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்தயா? இனி எனிக்குப் பயமில்லை" என்றாள். அவள் பயத்தையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கிணற்றடியில் நின்று மஞ்சள் ஆப்பில் அண்ணாவைக் கூப்பிட்டோம். வந்தார். வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். படம் நின்றுவிட்டது, குரல் மட்டும் எங்கிருந்தோ மன்னியைப் பேர் சொல்லி, "கோமு, கேக்கறதா? கோமு?" என்றது. மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அவ்வளவுதான், திரையில் ஒரு பெண் குதித்து வந்து ஏதோ சூதாட்ட விளம்பரத்துக்கு ஆட்டம் போட்டாள். அவள் ஆடி முடிக்கும்வரை மன்னி அழுகையை நிறுத்தி வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் முடிந்தபோது அண்ணாவைக் காணோம்.

தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் வெளியூரில் இருக்கும் தெரு அது. இட்லி மிளகாய்ப்பொடிக்குப் பக்குவம் சொல்வதுபோல் ஆளாளுக்கு ஒரு ஆப் சொன்னார்கள். நீலம் என்றார் ஒருவர். பச்சையில் குருவி போட்டது என்றார் இன்னொருவர். நான் ஏற்றி ஏற்றி என் போன் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. என் பேரன் படங்களை அழித்து இடம் பண்ணினேன். அடுத்த வீட்டு அலமு மாமி, கூடத்துக்குத் தன் வீட்டு வைஃபை எட்டும் என்றாள். என் உயிர் திரும்பி வந்தது.

"பாஸ்வேர்ட் என்ன மாமி?"

"அது என் பிள்ளை அம்பிக்கல்லவோ தெரியும்? அமெரிக்காவில் இப்போ அவன் தூங்கற நேரமாக்கும்."

கடைசியில் அது வைஃபை பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருந்தது. வைஃபை கிடைத்தது, ஆப்தான் ஒன்றும் தேறவில்லை. அன்று புளிசேரி என்கிற மோர்க்குழம்பும் மட்டை அரிசிச் சாதமும் போட்டாள் மன்னி. அந்தப் பருமனான சிவப்பு அரிசி எனக்குச் சாதாரண நாளிலேயே சீக்கிரம் இறங்காது. அன்று சுத்தமாக இறங்கவில்லை.

மறுநாள் கழக்கூட்டம் போனேன். மன்னியின் தம்பி சுந்தர் அங்கே ஐடி பார்க்கில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான் லீவு கிடைத்திருந்தது, மத்தியானம் அங்கே வந்தால் ஒரு வழி பண்ணலாம் என்றிருந்தான். தம்பானூரில் பஸ் போர்டுகளெல்லாம் மலையாளத்தில் உருண்டு உருண்டு கிடந்தன. கேட்டுத்தான் ஏறினேன். "கழக்கூட்டம் வழியா?" "அதே, அதே" என்று தலையாட்டினார் ஒருவர்.

என் பின்சீட்டில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். "நேத்து பேசினாரா?" "பேசினார், முகம் மட்டும் தெரியலை." "எனக்கு முகம் வந்தது, குரல் வரலை." எனக்கு மலையாளம் பாதிதான் புரியும். இது முழுதாகப் புரிந்தது.

பஸ் கழக்கூட்டம் வழியாகத்தான் போனது. ஆனால் மேம்பாலத்தில் ஏறி, கழக்கூட்டத்தின் தலைக்கு மேலேயே போய்விட்டது. கீழே சுந்தரின் ஆபீஸ் கட்டிடங்கள் கண்ணாடியாக மின்னிக்கொண்டு பின்னால் போவதைப் பார்த்து நான் எழுந்து நின்று கத்தினேன். கண்டக்டர் சாவதானமாக, "அம்மே, கீழே போகும் பஸ்ஸில் ஏறணும்" என்றார். பாலம் இறங்கித்தான் நின்றது. திரும்பி வந்து சேர்வதற்குள் புடவையில் பாதி நனைந்துவிட்டது.

சுந்தர் காண்டீனில் பழம்பொரியும் சாயாவும் வாங்கிவைத்துக் காத்திருந்தான். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அந்த வஸ்துவை எங்கள் ஊரில் பஜ்ஜி என்று கூப்பிட்டு அவமானப்படுத்துவார்கள். சுந்தர் சொன்னான்: "அக்கா, இந்தச் சின்னச் சின்ன ஆப்பெல்லாம் விடுங்கோ. ஆபீஸ் மீட்டிங்குக்குன்னு இருக்கற ஆப்பை அங்கே தடுக்கலை. அதிலே போடலாம். ஆனா ஆபீஸ் அக்கவுண்டிலே சொந்தக் காரியம் பாடில்லை, விடமாட்டா. என்னோடதிலே போடறேன். ஃப்ரீயாக்கும், இருபத்தஞ்சு பேர்தான் உள்ளே கேறலாம். அது போறுமே?"

"எங்களுக்கு ரெண்டு பேர் போறும்டா" என்றேன்.

அண்ணாவுக்கு லிங்க் அனுப்பினோம். இரண்டே நொடியில் அண்ணா! மீசையில் நரை, மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் கறை, எல்லாம் தெரிந்தது. பின்னால் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. "ராஜி, நீ ஏன் நனைஞ்சிருக்கே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐடி பார்க் காண்டீனில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். நான் சுந்தரின் பழம்பொரியையும் எடுத்துத் தின்றேன்.

சாயங்காலம் வீட்டில் தீபாவளிதான். மன்னி உடனே, "அப்படீன்னா பம்பாய்க்காரா, சென்னைக்காரா எல்லாரையும் கூப்பிட்டுடலாமே" என்றாள். ஃபேமிலி குரூப்பில் லிங்கைப் போட்டேன். மன்னிக்கு அது போதவில்லை. "லிங்கை அனுப்பினா ஆச்சா? போன்ல விளிச்சுச் சொல்லாட்டா நாளைக்கு ஒரு பேச்சாகுமே." ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் என் பக்கத்து மனுஷாள், அவள் அவள் பக்கம், பிறகு சம்பந்தி மாமி சொன்ன அவர்கள் பக்கம். ஒவ்வொருவரிடமும் முறையாக, "குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் குடுக்கணும்" என்றோம். லிங்குக்கு எப்படி வந்திருப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கட்டாயம் வருகிறோம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். கூடத்தில் சுந்தரின் லேப்டாப்பை ஒரு முக்காலிமேல் வைத்தோம். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். சம்பந்தி மாமி பாலக்காட்டுக்காரி. வந்ததிலிருந்து பேச்சே இல்லை, லேப்டாப்பையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிக்கு அவளைக் கண்டால் நடுக்கம்.

திரையில் மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு சித்தப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. ஒரு வீட்டில் சீலிங் ஃபேன் சுற்றியது. யாரோ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தார்கள். பட்டுப்புடவையும் மல்லிகையுமாக பம்பாய்ப் பெரியம்மா, சம்பந்தி மாமியின் அக்கா, முதல் ஆளாக வந்து நடுநாயகமாக வீற்றிருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணாவை மட்டும் காணோம்.

வாட்ஸப்பில் அவரிடமிருந்து வந்தது: "உள்ளே விடமாட்டேங்கறது." கொஞ்ச நேரத்தில் மறுபடி: "ராஜி, விடமாட்டேங்கறது."

நேற்று விட்டதே! வெள்ளிக்கிழமையானதால் இதையும் தடுத்துவிட்டார்களா? சுந்தர் என்னை ஓரமாக இழுத்தான். "விபிஎன் போடச் சொல்லுங்கோ. வேற நாட்டிலேர்ந்து வரா மாதிரி காட்டும். டக்குனு கேறிடலாம்." அண்ணாவுக்கும் அது தெரிந்திருந்தது. "போட்டுடட்டுமா? என்ன ஆனா ஆகட்டும்" என்று எழுதினார். தடுத்ததைத் தாண்டப்போய்ப் பிடிபட்டால் அந்த ஊரில் விளையாட்டில்லை. அதுவும் விசா கைக்கு வராத நேரத்தில். பெண் நிச்சயத்தைப் பார்க்கப்போய் அப்பன் கம்பி எண்ணுவதா? "வேண்டவே வேண்டாம். என்மேல ஆணை" என்று எழுதினேன். போட்டுவிட்டாரோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தே, அப்பா கேறியாச்சா?" என்று வைதேகி மனையிலிருந்து கேட்டாள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சாஸ்திரிகள் வாட்சைப் பார்த்தார். "ராகுகாலம் வரதாக்கும், கேட்டேளா?"

கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. "அண்ணா, உன் திரையில என்ன எழுதியிருக்கோ அதைப் போட்டோ எடுத்து அனுப்பு." வந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி. அறை நிரம்பிவிட்டது, யாராவது வெளியேறிய பிறகு முயலவும்.

எந்த நாடும் தடுக்கவில்லை. நாங்கள்தான் தடுத்தோம். போனில் கூப்பிட்டு, குடும்பத்தோடு வரவேண்டும் என்று கெஞ்சி அழைத்த எங்கள் மனுஷாளே இருபத்தைந்து இடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுந்தர், "அவ்வளவுதானே? ஒருத்தரை எடுத்துடறேன். ஒரு தொடு தொட்டா மதி, போறும்" என்று விரலை நீட்டினான். மன்னி பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரை எடுப்பே? விசேஷத்துக்கு வந்தவாளை வெளியே தள்ளறதா? நாளைக்கு நான் அவா முகத்திலே எப்படி முழிப்பேன்?"

நான் லேப்டாப்பின் முன்னால் குனிந்து, "யாராவது ஒருத்தர் கொஞ்சம் வெளியே போயிட்டு வரமுடியுமா?" என்றேன். எல்லோரும் "ஆமாமா, யாராவது போங்கோ" என்றார்கள். யாரும் போகவில்லை. விசேஷ வீட்டில் முதலில் எழுந்து போகிறவர் யாராக இருக்க முடியும்? இட்லிக்காரர் இன்னொரு இட்லி எடுத்தார்.

மன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வைதேகி எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா பார்க்காம வேண்டாம்" என்றாள். சம்பந்தி மாமா தொண்டையைக் கனைத்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது சம்பந்தி மாமி எழுந்தாள். நேராகப் போய், வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, மொதல்ல நீங்க தாம்பூலம் எடுத்துக்கோங்கோ."

பம்பாய்ப் பெரியம்மா திகைத்தாள். "இன்னும் தட்டே மாத்தலையேடீ?"

"பொண்ணோட அப்பா வாசல்ல நின்னுண்டிருக்கார், அக்கா. நாம உள்ளே உக்காந்துண்டிருக்கோம்."

பெரியம்மா முந்தானையை இழுத்து இரண்டு கையாலும் திரைக்கு முன்னால் ஏந்தினாள். மாமி ஒரு வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எடுத்துத் திரையருகே காட்டினாள். "அமோகமா நடக்கட்டும்" என்றாள் பெரியம்மா. அவள் இருந்த கட்டம் மறைந்தது.

தாம்பூலம் வாங்கினால் கிளம்பிவிட வேண்டும். அதை யாரும் எங்கள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தவள் முந்தானை ஏந்தினாள். சித்தப்பா நெற்றியைக் கீழே இறக்கி, முதல்முறையாக முகத்தைக் காட்டிக் கும்பிட்டார். இட்லிக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். சுந்தர், "ஒரு எடம் போறும், ஒரு எடம் போறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யார் காதில் விழுந்தது? மாமி ஒருவரையும் விடாமல், பேர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டமாக அணைந்தது.

நடுவில் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லோரும் போனபிறகு அண்ணா ஒருவர்தான் திரை முழுக்க இருந்தார்.

பஞ்சகச்சம் கட்டி, அங்கவஸ்திரம் போட்டு, தரையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் கட்டிலும், கொடியில் காயும் துணியும். முன்னால் ஒரு தட்டில் தேங்காயும் ஆப்பிளும். எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ! "அப்பா" என்றாள் வைதேகி.

சாஸ்திரிகள், "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். பெண்ணின் அப்பா உட்காரவேண்டிய மனையில் லேப்டாப்பை வைத்து நான் பிடித்துக்கொண்டேன். லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். சம்பந்தி மாமா தட்டை எடுத்து என்னிடம் நீட்டவில்லை, மன்னியிடம் நீட்டவில்லை. நேரே திரைக்கு நீட்டினார். அங்கே அண்ணாவின் இரண்டு கைகளும் உயர்ந்து வந்து, வாங்கிக்கொண்டன. பின்னாலிருந்து மன்னி நிஜத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். வைதேகி மாப்பிள்ளையைப் பார்க்கவேயில்லை, திரையையே பார்த்தாள். மாப்பிள்ளையும் திரையைத்தான் பார்த்தான். நல்ல பிள்ளை.

பிறகு சாப்பாடு. இந்த ஊரில் போளியைப் பால்பாயசத்தில் நொறுக்கிப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் போளிக்கு நெய்யோடு சரி. இதைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்கள். நான் இரண்டு தரம் கேட்டு வாங்கினேன். மூன்று நாளில் அன்றுதான் எனக்குப் பசித்தது.

சம்பந்தி வீட்டார் கிளம்பினார்கள். தெருக்காரர்கள் கிளம்பினார்கள். சுந்தருக்கு லேப்டாப் வேண்டும். அண்ணா இன்னும் அதில்தான் இருந்தார். பந்தி நடந்ததைப் பார்த்தார், இலை எடுத்ததைப் பார்த்தார், மன்னி நகையைக் கழற்றி வைத்ததைப் பார்த்தார்.

வைதேகி ஒரு வெற்றிலையில் பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள். "அப்பா, உங்களுக்குத் தாம்பூலம் தரவே இல்லையே."

அண்ணா கையை நீட்டவில்லை.

"இப்போ வேண்டாம்டீ. வாங்கிண்டா கிளம்பணுமே."

நான் சுந்தரிடம் சார்ஜரைக் கேட்டு வாங்கினேன்.